நர்ஸம்மா பதில்கள்: இரண்டாவது பேட்டரி

மழைக்காலம் நெருங்குகிறது, புயல் வெள்ளம் பற்றிய கேள்விகளை அனுப்புங்கள் என்று போன இதழில் ஒரு வரி எழுதியிருந்தேன். நிறைய கடிதங்கள் வந்துவிட்டன. எல்லாவற்றுக்கும் இங்கே இடமில்லை. புதிதாகப் படிப்பவர்களுக்கு என்னைப் பற்றி இரண்டு வரி: 1986-ல் கிராம சுகாதார செவிலியராக வேலைக்குச் சேர்ந்தேன். நாகப்பட்டினம் அப்போது தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. நாகைக்குத் தெற்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஆரம்பித்து, 33 வருஷம் அதே கடலோரத்தில் வேலை பார்த்து, சமுதாய சுகாதார செவிலியராக 2019-ல் ஓய்வு பெற்றேன். அந்த ஊர்களில் யாருக்கும் என் பெயர் தெரியாது. எல்லோருக்கும் நான் நர்ஸம்மாதான்.

*

ஒவ்வொரு புயலுக்கும் எங்கள் குடியிருப்போர் சங்கம் போர்வை, பிரெட், மருந்து என்று ஒரு லாரி அனுப்புகிறது. கஜா புயலுக்கும் அனுப்பினோம். இந்த வருஷம் நான்கு லட்சம் ரூபாய் கையில் இருக்கிறது. ஏழைகளின் மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். என்ன மருந்து வாங்கி வைக்கலாம் அம்மா?
— சங்கச் செயலாளர், கோயம்புத்தூர்

முதலில் உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம். கஜா அடித்த 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் மின்கம்பம் ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. ஊரே இருட்டில் கிடந்தபோது முதலில் வந்த வெளிச்சம் உங்களைப் போன்றவர்கள் வந்த லாரிகளின் ஹெட்லைட்தான். அதை நான் மறக்க மாட்டேன்.

ஆனாலும் மருந்து வேண்டாம் ஐயா. காரணத்தைச் சொல்கிறேன். கஜாவுக்கு மூன்றாம் நாள் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முப்பது அட்டைப்பெட்டி மருந்து வந்தது. அதைப் பிரித்துப் பார்க்க இரண்டு செவிலியர்களுக்கு ஒன்றரை நாள் ஆனது. பாதி தின்ற மாத்திரை அட்டைகள், இருமல் சிரப்புகள், அடுத்த மாதம் காலாவதியாகும் டானிக்குகள். அந்த ஒன்றரை நாளில் அந்த இரண்டு பேரும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கலாம்! 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்துக்கு இப்படிச் சுமார் 4,000 டன் மருந்து போய்ச் சேர்ந்தது. பெரும்பாலான பெட்டிகளின் மேல் இருந்த எழுத்து அந்த ஊர் நர்ஸுகளுக்குப் படிக்கத் தெரியாத மொழியில் இருந்தது. கடைசியில் அதை அழிப்பதே தனிச் செலவானது.

நம் மாநிலத்தில் மருந்துக்கு ஒரு நல்ல ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1995-லிருந்து எல்லா அரசு மருத்துவமனைகளுக்கும் மொத்தமாக மருந்து வாங்குகிறது. மாவட்டக் கிடங்கில் இருப்பு இருக்கும். ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். தேவையானதை எழுதி எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 1986-ல் நான் பாராசிட்டமால் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்தவள். அதனால் அந்த பாஸ்புக்கின் அருமை எனக்குத் தெரியும். கஜாவின்போது எங்களிடம் மருந்து இருந்தது. ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.

டீசலுக்கு முன்னால் ஒரு பேட்டரி கதையையும் சொல்ல வேண்டும். சுனாமிக்கு அடுத்த வருஷம் ஒரு தொண்டு நிறுவனம் எங்கள் பிரசவ அறைக்கு இன்வெர்ட்டர் கொடுத்தது. பெயர் வேண்டாம், நல்ல மனசோடுதான் கொடுத்தார்கள். திறப்பு விழா நடந்தது, சுவரில் கல்வெட்டு பதித்தார்கள். நான்காவது வருஷம் பேட்டரி செத்துப்போனது. அவர்களுக்குப் போன் போட்டேன், திட்டம் முடிந்துவிட்டது என்றார்கள். அரசுப் பட்டியலில் அந்த இன்வெர்ட்டரே இல்லை, அதனால் அரசுக் காசிலும் பேட்டரி வாங்க முடியவில்லை. இரண்டு மழைக்காலம் டார்ச் லைட்டில் பிரசவம் பார்த்தோம். ஒரு ராத்திரி, குழந்தை பிறந்த பின் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. கிழிசல் எங்கே என்று தேட என் கையில் இருந்தது ஒரு செல்போன் வெளிச்சம். அவள் பிழைத்துவிட்டாள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் என் உள்ளங்கை வியர்க்கிறது. சுவரில் கல்வெட்டு மட்டும் நன்றாகவே இருந்தது.

அதனால் உங்கள் நான்கு லட்சத்தை ஒரே நாளில் செலவழித்துவிடாதீர்கள். கடலோரத்தில் ஒரே ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள். மழைக்காலத்தில் இல்லாமல் ஒரு மார்ச் மாதத்தில் நேரில் போய் அங்கே இருக்கும் மருத்துவரோடும் செவிலியரோடும் ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். தண்ணீர் எந்த அளவு ஏறியது என்று சுவரில் காட்டுவார்கள். தடுப்பூசி வைக்கும் ஐஸ் பெட்டி அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதற்கு ஒரு மேடை கட்டுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு, ரசீது போட்டு நன்கொடை வாங்குவார்கள். அங்கே எழுத்தில் கொடுங்கள்: இந்த வருஷம் இன்வெர்ட்டர், வருஷா வருஷம் டீசலுக்கு இவ்வளவு, நான்காம் வருஷம் பேட்டரி மாற்ற இவ்வளவு. பேட்டரிக்கான காசை வங்கியில் வைப்பாகப் போட்டுவிடுங்கள். முதல் பேட்டரி கொடுக்க நிறைய பேர் இருக்கிறார்கள். நீங்கள் இரண்டாவது பேட்டரி கொடுப்பவர்களாக இருங்கள்.

*

சுனாமி வந்தபோது எனக்கு மூன்று வயது. அத்தனை பேர் இறந்தும் பிறகு காலரா, தட்டம்மை எதுவும் பெரிதாகப் பரவவில்லை என்று பேராசிரியர் சொன்னார். அது அதிர்ஷ்டமா, இல்லை வேறு காரணம் உண்டா?
— கல்லூரி மாணவி, நாகப்பட்டினம்

உன் கேள்விக்கு என்னால் சுருக்கமாகப் பதில் சொல்ல முடியாது மகளே. பொறுத்துக்கொள்.

2004 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. மறுநாள் கிறிஸ்துமஸ் விடுமுறை. சாயங்காலம் துணை சுகாதார நிலையத்தைப் பூட்டும்போது கர்ப்பிணிகள் பதிவேட்டை மட்டும் பையில் போட்டுக்கொண்டேன். மாதக் கடைசி, வீட்டில் உட்கார்ந்து ரிப்போர்ட் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை கடல் வந்தது. தராசு, பிரஷர் கருவி, தடுப்பூசி டப்பா, மேசை, கதவு எதுவும் மிஞ்சவில்லை. என் நிலையம் இருந்த இடத்தில் தரைதான் இருந்தது. பதிவேடு மட்டும் என் வீட்டு அலமாரியில் இருந்தது.

திங்கள்கிழமை காலையில் அதை எடுத்துக்கொண்டு முகாமுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபம், பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம். பதிவேட்டில் 41 பெயர்கள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். மாலைக்குள் 33 பேரைப் பார்த்துவிட்டேன். நான்கு பேர் உள்ளூரில் உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்விட்டதாக மறுநாள் தெரிந்தது. நான்கு பேர் இல்லை. அந்த நான்கு பெயரையும் இப்போது கேட்டாலும் சொல்வேன். இங்கே எழுத மாட்டேன்.

நாகை மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,065 பேர். அதில் பெண்கள் 2,406, ஆண்கள் 1,883, மற்றவர்கள் குழந்தைகள். காலையில் படகு கரைக்கு வரும் நேரம், மீன் வாங்கக் கூடையோடு கரையில் நின்றது பெண்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு சேலையோடு ஓடியதும் அவர்கள்தான். கடலில் நீந்தி வளர்ந்தவர்கள் ஆண்கள். இதையும் உன் பேராசிரியரிடம் சொல்.

சரி, நோய் ஏன் பரவவில்லை? இரண்டாம் நாளே பக்கத்து மாவட்டங்களிலிருந்து சுகாதார ஆய்வாளர்களும் செவிலியர்களும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கினார்கள். மற்ற நகராட்சிகளிலிருந்து வந்த தூய்மைப் பணியாளர்கள்தான் உடல்களை எடுத்தார்கள். அவர்கள் கையுறைகூட இல்லாமல் செய்த வேலைக்கு இந்த நாடு இன்னும் சரியாக நன்றி சொல்லவில்லை என்பது என் எண்ணம். தண்ணீர் லாரி முகாமுக்குள் நுழைந்தால் ஆய்வாளர் முதலில் குப்பியில் கொஞ்சம் பிடித்து மருந்துச் சொட்டு விடுவார். தண்ணீரில் குளோரின் இருந்தால் மஞ்சள் நிறம் வர வேண்டும். வராவிட்டால் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி அரை மணி நேரம் கழித்துத்தான் குழாயைத் திறக்க விடுவார். தாகத்தோடு நிற்கும் கூட்டத்தின் முன்னால் அரை மணி நேரம் ஒரு குழாயை மூடி வைப்பது சாதாரண வேலை இல்லை. முகாமில் இருந்த குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசியும் வைட்டமின் ஏ திரவமும் கொடுத்தோம். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வயிற்றுப்போக்கு என்று தினமும் ராத்திரி கணக்கு எழுதி அனுப்பினோம். இரண்டு பேருக்கு ஒரே கூடாரத்தில் பேதி என்றால் விடிவதற்குள் ஆள் வந்துவிடும்.

அந்த வேலைகளை யாரும் டிசம்பர் 27-ம் தேதி கற்றுக்கொள்ளவில்லை. மதராஸ் பொது சுகாதாரச் சட்டம் 1939-ல் வந்தது. மருத்துவமனைகளுக்குத் தனி, நோய் வராமல் தடுப்பதற்குத் தனி என்று இங்கே ஒரு துறையே இருக்கிறது. இந்தியாவில் பல மாநிலங்களில் அப்படிக் கிடையாது. அங்கங்கே திருவிழாவுக்குத் தண்ணீர் பார்ப்பது, புதன்கிழமை தோறும் தடுப்பூசி, ஊர் ஊராகக் கொசு ஒழிப்பு என்று யாரும் கவனிக்காத வேலையைச் செய்தே பழகிய கைகள் அவை. 65 வருஷம் யாரோ அந்தக் கைகளுக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். நடுவில் ஒரு நிதியமைச்சர், 'நோயே இல்லையே, எதற்கு இத்தனை பேர்' என்று பாதியைக் குறைத்திருந்தால், 2004-ஐப் பற்றி நீயும் நானும் இப்போது வேறு கதை பேசிக்கொண்டிருப்போம்.

ஒன்றில் நாங்கள் தயாராக இல்லை. இரண்டு குழந்தை பெற்றதும் கருத்தடை ஆபரேஷனுக்கு நானே கைபிடித்து அழைத்துப் போன பெண்கள் அந்தக் குப்பத்தில் நிறைய பேர். அவர்களில் சிலருக்கு இரண்டு பிள்ளைகளுமே போய்விட்டார்கள். ஒருத்தி முகாமில் என்னைப் பார்த்ததும் எதுவும் பேசவில்லை, என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு இணைப்பு ஆபரேஷனை இலவசமாகச் செய்ய அரசு உத்தரவிட்டது. நானே மறுபடியும் கைபிடித்து அழைத்துப் போனேன். சிலருக்குக் குழந்தை பிறந்தது, சிலருக்கு இல்லை. அவர்கள் மனசுக்கு ஆறுதல் சொல்ல எனக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்கவில்லை. வந்த ஆலோசகர்கள் ஆறு மாதத்தில் போய்விட்டார்கள். அந்தப் பெண்களின் துக்கம் இரண்டாவது வருஷம்தான் வாய் திறந்தது.

*

வெள்ளத்தில் இறந்தவர்களின் உடல்களை உடனே மொத்தமாகப் புதைக்காவிட்டால் தொற்றுநோய் வரும் என்கிறார்களே?
— வாசகர், கடலூர்

வராது. உலக சுகாதார நிறுவனமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அடிபட்டும் மூழ்கியும் இறந்தவர்கள் நோயோடு இறந்தவர்கள் இல்லை. காலரா போன்ற நோயால் இறந்திருந்தால்தான் தனி எச்சரிக்கை தேவை. உடலைத் தொடுகிறவர்களுக்குக் கையுறையும் தடுப்பூசியும் வேண்டும், அவ்வளவுதான். நோய் பரப்புவது உயிரோடிருப்பவர்களின் மலம் கலந்த தண்ணீர். அவசரமாக, அடையாளம் பார்க்காமல், போட்டோகூட எடுக்காமல் குழியில் போட்டுவிட்டால், பிள்ளை எங்கே இருக்கிறான் என்று தெரியாத தாய் ஆயுள் முழுக்கத் தேடுவாள். அப்படித் தேடுகிறவர்களை நான் அறிவேன்.

*

பங்களாதேஷ், ஹைட்டி மாதிரி ஏழை நாடுகளுக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா? அங்கே பேரிடர் வந்தால் வெளிநாட்டு உதவியை நம்புவதைத் தவிர வேறு வழி உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை

ஐயா, பங்களாதேஷிடம் நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். 1970 நவம்பரில் போலா புயலில் அங்கே குறைந்தது மூன்று லட்சம் பேர் இறந்தார்கள். 1991 புயலில் சுமார் 1,38,000 பேர். 2007-ல் சிட்ர் என்ற கடும் புயல் வந்தபோது இறந்தவர்கள் நான்காயிரத்துக்கும் குறைவு. அந்த நான்காயிரமும் உயிர்கள்தான், ஆனால் எவ்வளவு பெரிய மாற்றம் பாருங்கள்! 1972-லிருந்து கிராமத்துத் தொண்டர்களைப் பழக்கினார்கள். மெகாபோன், கொடி, சைக்கிள் இதுதான் கருவி. புயல் காப்பகங்கள் கட்டினார்கள், மற்ற நாட்களில் அவற்றில் பல பள்ளிக்கூடங்கள்.

நர்ஸாக எனக்கு மிகவும் பிடித்தது உப்புச் சர்க்கரைக் கரைசல் கதை. 1971 போரில் அகதிகள் மேற்கு வங்கத்துக்கு வந்து குவிந்தார்கள். போங்காவ் முகாமில் காலரா. சலைன் பாட்டில் தீர்ந்துபோக, டாக்டர் திலீப் மஹலநாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த கரைசலை டிரம்மில் கரைத்து வைத்து, உறவினர்களே நோயாளிக்குக் குடிக்கக் கொடுக்கும்படி செய்தார். முப்பது சதவீதம் போல இருந்த இறப்பு நான்கு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. அதோடு விட்டிருந்தால் அது ஒரு முகாமின் கதையாகவே முடிந்திருக்கும். 1980-லிருந்து பத்து வருஷம், பங்களாதேஷில் பிராக் என்ற அமைப்பின் பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர். சுமார் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகள். சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் முழுக் கூலி கிடையாது. சில வாரம் கழித்து வேறொருவர் போய்க் கேட்பார். அந்தத் தாய்க்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதற்கேற்பத்தான் ஊழியருக்குக் கூலி. பத்து வருஷப் பொறுமை ஐயா. அதற்குப் பிறகு எந்த வெள்ளம் வந்தாலும், ரோடு துண்டானாலும், மருந்து அந்த வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஹைட்டியில் நடந்ததைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்கு உலகமே பணம் அறிவித்தது. அதில் மிகச் சிறு பகுதிதான் அந்த நாட்டு அரசின் மருத்துவமனைகளுக்கும் ஊழியர்களுக்கும் போனது. அக்டோபரில் காலரா வந்தது. ஐக்கிய நாடுகள் அமைதிப்படை முகாமின் கழிவு ஆற்றில் கலந்ததிலிருந்து தொடங்கியது அது. தங்களுக்கு அதில் பங்கு உண்டு என்று ஐ.நா. ஒப்புக்கொண்டது 2016-ல்தான். சில வருஷங்களில் சுமார் பத்தாயிரம் பேர் இறந்தார்கள். குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இருந்திருந்தால் அந்தக் கிருமி அவ்வளவு தூரம் போயிருக்காது.

அதே நாட்டில் மத்திய மேட்டு நிலத்தில், கான்ஜ் என்ற ஏழை ஊரில், டாக்டர் பால் ஃபார்மரும் அவர் கூட்டாளிகளும் 1980-களிலிருந்து சான்மி லசாந்தே என்ற அமைப்பை நடத்தி வந்தார்கள். அந்த ஊர்க்காரர்களையே பழக்கி, சம்பளம் கொடுத்து, தினமும் காசநோயாளி வீட்டுக்குப் போய் மாத்திரை கொடுக்கச் செய்தார்கள். அவர்களுக்கு அங்கே 'கூட நடப்பவர்' என்று பெயர். நிலநடுக்கம் வந்தபோது ஆயிரக்கணக்கான உள்ளூர் ஊழியர்கள் தயாராக இருந்தார்கள். விமானத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. அதற்குப் பின் மிர்பலே ஊரில் 300 படுக்கைகளுடன், சூரிய மின்சாரத்தில் இயங்கும் போதனா மருத்துவமனையை 2013-ல் திறந்தார்கள். ஃபார்மர் 2022-ல் ருவாண்டாவில் காலமானார். அவரைப் பற்றிப் படித்த அன்று, எங்கள் குப்பத்தில் காசநோய் மாத்திரையோடு நான் நடந்த தெருக்கள் ஞாபகத்துக்கு வந்தன.

*

என் மாமனாருக்கு இன்சுலின். எங்கள் ஊரில் புயல் வந்தால் ஒரு வாரம் கரண்ட் இருக்காது. என்ன செய்வது?
— குடும்பத் தலைவி, வேதாரண்யம்

பயப்படாதீர்கள். பயன்பாட்டில் இருக்கும் குப்பி, வெயில் படாத குளிர்ந்த இடத்தில் பொதுவாக நான்கு வாரம் வரை தாங்கும். பெரிய மண்பானையில் ஈர மணல் போட்டு, அதற்குள் சின்னப் பானையை வைத்து, பாலிதீன் பையில் சுற்றிய குப்பியை உள்ளே வையுங்கள். மணலில் தினமும் தண்ணீர் தெளியுங்கள். உறைந்துபோன இன்சுலினை எந்தக் காரணத்துக்கும் போடாதீர்கள். ஊசி, மாத்திரை, சீட்டின் நகல் எல்லாம் இரண்டு வாரத்துக்குச் சேர்த்து ஒரு டப்பாவில் இருக்கட்டும்.

2021-லிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். மாத்திரை கொண்டுவரும் பெண்ணிடம் இன்சுலின் விஷயத்தைச் சொல்லிப் பதியச் செய்யுங்கள். உங்கள் தெருவில் டயாலிசிஸ் செய்பவர் யாராவது இருந்தால் அவரையும். புயல் அறிவிப்பு வந்ததும் பிரசவத் தேதி நெருங்கிய பெண்களை முன்கூட்டியே ஆஸ்பத்திரியில் சேர்ப்பது இப்போது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. டயாலிசிஸ் நோயாளிகளுக்கும் அதே மாதிரி செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

*

அக்கா, நான் ஒப்பந்த அடிப்படையில் நர்ஸாக இருக்கிறேன். புயல் என்றால் மூன்று நாள் வீட்டுக்குப் போகாமல் வேலை. புயல் போனதும் பாராட்டுச் சான்றிதழ். அடுத்த வருஷம் வேலை இருக்குமா என்று தெரியாது. எங்களை மாதிரி ஆட்களுக்குச் செலவழிக்க மட்டும் ஏன் காசு இல்லை?
— பெயர் வேண்டாம் என்று எழுதிய தங்கை

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் தங்கச்சி. அழுகை வந்தது.

காசு இல்லாமல் இல்லை. கட்டடத்துக்கும் வண்டிக்கும் ஒரு தடவை கொடுக்கும் காசு சுலபமாகக் கிடைக்கிறது. மாதா மாதம் கொடுக்கும் காசு என்றால்தான் எல்லோரும் தயங்குகிறார்கள். 2017 தேசிய சுகாதாரக் கொள்கை என்ன சொன்னது தெரியுமா? நாட்டின் மொத்த உற்பத்தியில் அரசின் சுகாதாரச் செலவை 2025-க்குள் 2.5 சதவீதமாக்க வேண்டும், அதில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சுகாதாரத்துக்கு. அந்த எண்ணை நாம் எட்டவில்லை. 15-வது நிதிக்குழு இன்னொரு நல்ல காரியம் செய்தது. பேரிடர் நிதியில் 20 சதவீதத்தை, பேரிடரின் பாதிப்பை முன்கூட்டியே குறைப்பதற்கென்று ஒதுக்கியது. கரை கட்டுவது, மாங்குரோவ் நடுவது எல்லாம் அதில் வரும். ஒரு ஊரில் பத்து வருஷம் நிலைத்து நிற்கும் செவிலியரும் அந்த மாதிரி ஒரு கரைதான் என்று நான் கூட்டம் தோறும் சொல்லி வந்தேன். என் மேலதிகாரிகள் தலையாட்டுவார்கள், கோப்பில் அது ஏறாது.

நிலைத்து நிற்பது ஏன் முக்கியம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளத்துக்கு வீட்டை விட்டு வர மறுக்கும் கிழவியிடம் புது ஆள் போய்ப் பேசினால் கதவு திறக்காது. அவள் மகளுக்குப் பிரசவம் பார்த்தவள் போனால் திறக்கும். மாற்றல் வாங்கிக்கொண்டே இருப்பவர்களால் அது முடியாது, 11 மாத ஒப்பந்தத்தில் இருப்பவர்களாலும் முடியாது.

உன் சங்கத்தோடு சேர்ந்து கேள். சான்றிதழை வாங்கும் மேடையிலேயே கேள். அப்புறம் ஒன்று: புயலுக்கு முந்தின நாள் முதலில் உன் வீட்டுப் பிள்ளைகளை மேட்டுக்கு அனுப்பிவிட்டு வேலைக்குப் போ. சுனாமி அன்று என் சக செவிலியர்களில் சிலர் தங்கள் வீட்டையே இழந்துவிட்டு முகாமில் ஊசி போட்டார்கள். அதை எல்லோரும் தியாகம் என்று எழுதினார்கள். அவர்களுக்கு ஒரு வாரம் விடுப்பு கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

*

சுனாமிக்குப் பின் எங்கள் முகாமில் இருந்த கர்ப்பிணிகளை முதலில் தேடி வந்தவர் எங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தர்தான். உங்கள் ஊரிலும் அப்படித்தானா?
— வாசகி, மட்டக்களப்பு

அப்படியேதான். உங்கள் கடிதம் படித்து மிகவும் சந்தோஷப்பட்டேன். இலங்கையில் 1926-லேயே களுத்துறையில் முதல் சுகாதாரப் பிரிவைத் தொடங்கிவிட்டார்கள். நீங்கள் குடும்பநல உத்தியோகத்தர் என்று சொல்லும், வீட்டுக்கு வரும் மருத்துவிச்சி என்ற ஏற்பாட்டில் நீங்கள் எங்களுக்கு மூத்தவர்கள். 2004-ல் உங்கள் பக்கம் 30,000 பேருக்கு மேல் இறந்தும், யுத்தத்தின் காயங்கள் இருந்தும், முகாம்களில் பெரிய தொற்றுநோய் எதுவும் பரவவில்லை. உங்கள் உத்தியோகத்தர் இன்னும் இருக்கிறாரா? இருந்தால் நாகப்பட்டினத்து நர்ஸம்மா விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

*

நான் பதினோராம் வகுப்பு படிக்கிறேன். எங்கள் ஊர் கடலுக்குப் பக்கத்தில். பெரியவளானதும் உங்களைப் போல வர ஆசை. இப்போது என்னால் ஏதாவது செய்ய முடியுமா ஆன்ட்டி?
— மாணவி, பழவேற்காடு

முடியும் கண்ணு. ஒரு பெரிய சார்ட் பேப்பர் வாங்கு. உன் தெருவை வரை. ஒவ்வொரு வீடும் ஒரு கட்டம். படுத்த படுக்கையாக இருப்பவர் இருந்தால் சிவப்புப் புள்ளி, கைக்குழந்தை இருந்தால் மஞ்சள், கர்ப்பிணி இருந்தால் பச்சை, தினமும் மருந்து சாப்பிடுபவர் இருந்தால் நீலம். கண் தெரியாதவர், காது கேளாதவர் வீட்டுக்குத் தனியாக ஒரு குறி போடு. மைக்கில் சொல்லும் அறிவிப்பு காது கேளாதவருக்குப் போய்ச் சேராது. எந்த வீட்டில் படகு, எந்த வீட்டில் மாடி என்றும் எழுது. வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும் எழுது. முடிந்ததும் உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கொண்டுபோய்க் கொடு, சுவரில் ஒட்டாதே. மூன்று மாதத்துக்கு ஒரு முறை திருத்து. அதற்குள் சில பச்சைப் புள்ளிகள் மஞ்சளாகியிருக்கும்.

முதல் வீட்டில் கதவைத் தட்டும்போது கூச்சமாக இருக்கும். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடி, பேச்சு தானாக வரும். எத்தனை வீடு முடித்தாய் என்று பொங்கலுக்குள் எனக்கு எழுது.